கண்ணாடி மாட்டாத பேருந்துகள்

ஜனவரி 6

போதும். வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இனி நடப்பதை நடந்தபடியே எழுதி வைப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். யாருக்கும் காட்டுவதற்கு அல்ல. என்றைக்காவது கேள்வி வந்தால், ஒருவனாவது கண்ணைத் திறந்துகொண்டு இருந்தான் என்பதற்குச் சான்று வேண்டும்.

இந்த நாட்குறிப்பேடே எங்கள் கட்சியான தன்மானப் பேரவை கொடுத்ததுதான். அட்டையில் தலைவர் சிரிக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய பொன்மொழி. பாதிக்கு மேல் நான் எழுதியவை. இன்றைய பக்கத்தில், "சாதியை மறந்தவனுக்கு என் மாலை, மறக்காதவனுக்கு என் மௌனம்." அருப்புக்கோட்டை மாநாட்டுக்கு முந்தின நாள், அச்சகத்தில் மின்சாரம் போன நேரத்தில், ஒரு சுவரொட்டியின் பின்பக்கத்தில் கிறுக்கியது. கீழே அவர் பெயர் இருக்கிறது.

என் மனைவி வடிவு ரேஷன் கடைக்குப் போகச் சொன்னாள். போனேன். பருப்பு வரவில்லையாம்.

ஜனவரி 9

சான்று என்று எழுதிவிட்டேன். சாட்சி யாரென்றும் சொல்லிவிட வேண்டும்.

அறிவுடைநம்பி. பெற்றோர் வைத்த பெயர் சங்கரலிங்கம். பேரவையில் சேர்ந்தபோது மாற்றிக்கொண்டேன். வரலாற்றில் முனைவர் பட்டம். துறைத்தலைவர் நாற்காலி எனக்கு வரவேண்டியது. கல்லூரி நிர்வாகியின் மருமகன் வந்து உட்கார்ந்தான். ஓய்வூதியம் கிடைக்கும் அளவுக்குப் பொறுத்திருந்துவிட்டு, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்து வெளியே வந்தேன். பேரவையில் எனக்கு மாவட்டக் கொள்கைபரப்புத் துணைச் செயலாளர் என்று ஒரு பதவி. என் உண்மையான வேலை, நிதி கேட்டுக் கடிதம் எழுதுவது.

தென்மாவட்டங்களில் பேரவைக்குப் பணம் கொடுக்கும் புரவலர்கள் எல்லாருக்கும் தலைவரிடமிருந்து பெயர் சொல்லி ஒரு கடிதம் போகும். கையெழுத்தை நீல மையில் அச்சடிப்பார்கள். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிறவர்கள்கூட உண்டு. தலைவர் தமக்கென்று உட்கார்ந்து எழுதினார் என்று நம்பி, அதைச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் அதைவிட அதிகம். அந்தச் சட்டங்களுக்குள் இருப்பது நான்.

இந்தத் தேர்தலில் விருதுநகர் தொகுதி எனக்கு என்று மாவட்டச் செயலாளர் எழில்வேந்தன் வாய்விட்டே சொல்லியிருக்கிறார். அதனால்தான் இதுவரை பொறுமை.

ஜனவரி 17

அலுவலகம் போனேன். எழில்வேந்தன் வெள்ளைச் சட்டையில் சாம்பார் படாமல் இருக்கத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"பேராசிரியரே, போன லெட்டர் ஓடலய்யா. கொள்கை, வரலாறு, மானுடம்னு எழுதுனா எவன் பையத் தொறப்பான்? படிக்கிறவன் கண்ணுல தண்ணி வரணும்."

"கொள்கைக் கட்சிக்குக் கொள்கையை எழுதாமல் எதை எழுதுவது?"

"ஒரு ஆள எழுது. உசுரோட இருக்கிற ஆள. ஆளக் காட்டுனாத்தான் காசு வரும்."

இதைச் சொல்வது பத்தாம் வகுப்பு தாண்டாத ஆள். நான் தலையாட்டினேன்.

ஜனவரி 21

இன்று பேரவை அலுவலகத்தில் ஒரு சாதி மறுப்புத் திருமணம். பையன் மாரீஸ்வரன், ஜவுளிக்கூடத்தில் தையல் வேலை. பெண் சிவரஞ்சனி, கல்லூரி முடித்தவள். மேஜர்தான் இருவரும், சான்றிதழ்களைப் பார்த்துவிட்டோம். பெண் வீட்டார் இரண்டு நாளாகக் காரில் தேடுகிறார்கள். எழில்வேந்தன் சென்னையில் இருந்ததால் நான்தான் உறுதிமொழி வாசித்து மாலை எடுத்துக் கொடுத்தேன். பெண் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்ததில் மாலையிலிருந்து சம்பங்கி உதிர்ந்துகொண்டே இருந்தது.

பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டுமே என்று பையன் கேட்டான். நான் தொலைபேசியில் செயலாளரைக் கேட்டேன். "அடுத்த வாரம் நானே கூட வந்து பதிஞ்சு தர்றேன்யா. அதுவரைக்கும் காகிதத்த எல்லாம் ஆபீஸ்ல வைக்கச் சொல்லு. பேரவை இருக்கும்போது என்ன பயம்?" என்றார்.

மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். வடிவு அவியலும் அப்பளமும் செய்திருந்தாள். எங்கள் மகள் இலக்கியாவின் வயதுதான் இந்தப் பெண்ணுக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"எங்க தாய்மாமா கைல மட்டும் மாட்டக்கூடாது சார். அவரு மகனுக்குன்னு என்னைப் பேசி வச்சு ரொம்ப வருஷமாச்சு. பருப்பு மில்லு வச்சிருக்காரு. அவரும் உங்க பேரவைதான் சார். மில்லு ஆபீஸ்ல தலைவர் படம்கூட மாட்டியிருப்பாரு."

நம் வேர் எங்கெல்லாம் ஓடியிருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது. மாலைப் பேருந்தில் இருவரையும் கரூருக்கு அனுப்பினோம். அங்கே பேரவைக்காரர் ஒருவர் அறை பார்த்துக் கொடுத்திருக்கிறார். வடிவு தன் பழைய தோசைக்கல்லைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். "புதுக் கல்லு ஒட்டும், இது பழகுன கல்லு" என்றாள்.

ஜனவரி 22

எழுதுவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 1

கரூர் போய்வந்தேன், செயலாளரின் செலவில். கொசுவலைக்கும் பேருந்துக் கூண்டுக்கும் பேர்போன ஊர். மாடியில் ஒற்றை அறை. கீழே கொசுவலைத் தறி ஓடுகிறது; தரை அதிர்ந்துகொண்டே இருக்கிறது. எதிரே பேருந்துக்குக் கூண்டு கட்டும் பட்டறை. சன்னலைத் திறந்தால் கண்ணாடி மாட்டாத பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன.

"இதெல்லாம் கண்ணு திறக்காத பஸ்ஸு சார்" என்றாள் அந்தப் பெண். "ஒண்ணு கண்ணத் திறந்து ரோட்டுக்குப் போயிரும். அடுத்தது வந்து நிக்கும். எனக்கு இதான் டிவி."

மாரீஸ்வரன் சிரித்தான். "வெளிய போகாதன்னு சொல்லிருக்கேன் சார். பாவம், ஒரே அறைக்குள்ள. ரெஜிஸ்தர் எப்ப சார்? அது ஆயிட்டா தைரியமா இருப்போம்."

"செயலாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றேன். அவள் தோசை வார்த்துக் கொடுத்தாள். கல் ஒட்டவில்லை.

திரும்பி வரும்போது பேருந்திலேயே முதல் வரி வந்துவிட்டது. இப்படி வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின!

பிப்ரவரி 3

கடிதம் முடிந்தது. நான் எழுதியவற்றில் இதுவே சிறந்தது. ஒரு பத்தியை இங்கே எழுதி வைக்கிறேன். அச்சில் வேறொருவர் பெயரோடு வரப்போகிறது.

"என் உயிரினும் மேலான புரவலரே, வெண்ணிலா என்ற ஒரு மகள் எனக்கு இருக்கிறாள். சாதியை மறுத்து மணந்த குற்றத்துக்காக இன்று அவள் ஒற்றை அறையில் ஒளிந்திருக்கிறாள். கீழே கொசுவலைத் தறி இரவும் பகலும் இரைகிறது. சன்னலுக்கு எதிரே கண்ணாடி மாட்டாத பேருந்துகள். 'அப்பா, இவற்றுக்கு இன்னும் கண் திறக்கவில்லை' என்கிறாள். இந்தச் சமூகத்துக்கும்தான் மகளே என்றேன். அவளுக்கு ஒரு வீடு வேண்டும். அவளைப்போல் ஆயிரம் மகள்களுக்கு வேண்டும்."

தலைப்பு, சாதி மறுப்புத் திருமணப் பாதுகாப்பு நிதி. படத்துக்கு முகம் வேண்டாம், மாலை பிடித்த இரண்டு கைகள் போதும் என்றேன். அந்த அளவு பொறுப்பு எனக்கு உண்டு.

எழில்வேந்தன் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "பேர மாத்திட்டீரா?"

"வெண்ணிலா என்று வைத்திருக்கிறேன்."

"ஊரு?"

"ஊர்ப் பெயரே இல்லை."

"அப்பச் சரி. யாருய்யா நீரு, இத்தன நாளு இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீரு?"

பதிவு பற்றிக் கேட்க நினைத்தேன். தொகுதிப் பேச்சு வந்துவிட்டது. தலைமைக்கு என் பெயரை எழுதி அனுப்பிவிட்டாராம்.

பிப்ரவரி 12

திருமண மண்டபத்தில் மகளிரணி உட்கார்ந்து கடிதம் மடித்தார்கள். உறையில் போட்டு, பதில் உறையும் சேர்த்து ஒட்டினார்கள். ஒரு பெண் படித்து அழுததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தலைவருக்கு எப்பேர்ப்பட்ட மனசு பாரு" என்றார்கள்.

முகவரிப் பட்டியல் தலைமையகம் அனுப்புவது. அதை நான் பார்ப்பதும் இல்லை, பார்க்கும்படி யாரும் சொன்னதும் இல்லை.

இலக்கியாவுக்குச் சிவகாசியிலிருந்து ஒரு வரன். நம் வகையறாதான். பையன் வங்கியில்.

பிப்ரவரி 20

கொட்டுகிறது. எழில்வேந்தன் பதில் உறைகளைத் தட்டில் வைத்து எனக்குக் காட்டினார். காசோலையோடு சிலர் துண்டுச் சீட்டும் வைத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன்.

"தலைவர் அவர்களுக்கு. கடிதம் கண்டேன். நேரில் பார்ப்பதுபோல் விவரமாக எழுதியிருந்தது. என்னால் ஆனது இத்துடன். பருப்பு மில் தெய்வநாயகம்."

நேரில் பார்ப்பதுபோல். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? இந்தப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன்.

பிப்ரவரி 24

அலுவலக வாசலில் புதுப் பரப்புரை வேன். பக்கவாட்டில் தலைவரின் கையெழுத்து நீல வண்ணத்தில்.

மார்ச் 2

காலையில் மாரீஸ்வரன் அழைத்தான். நேற்று அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு கார்கள். கீழே தறிக்காரர் தடுத்திருக்கிறார். "எங்க வீட்டுப் பிள்ளய நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று தள்ளிவிட்டார்கள். அவளை வாயைப் பொத்தி இறக்கினார்களாம்.

"யாருக்குமே தெரியாது சார் அந்த ரூமு. எங்க அம்மாவுக்குக்கூடச் சொல்லல. ஒவ்வொரு பஸ் பாடி பட்டறையா போய், எதிர்த்த மாடி எதிர்த்த மாடின்னு தேடியிருக்காங்க சார். கீழ தறி ஓடுதான்னு கேட்டாங்களாம். எப்படி சார்?"

கரூரில் அப்படி எத்தனையோ பட்டறைகள், எத்தனையோ தறிகள். தேடுகிறவன் தேடிக்கொண்டுதான் இருப்பான். பக்கத்து வீட்டார் யாராவது சொல்லியிருக்கலாம். அவளே வீட்டுக்குப் போன் பேசியிருக்கலாம். செயலாளரிடம் சொல்கிறேன் என்றேன்.

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லியிருக்கிறது.

மார்ச் 3

வடிவு கேட்டாள். "அந்தப் புள்ள எப்படி இருக்காம்?" சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இரவு என் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன்?

மார்ச் 5

எழில்வேந்தனைப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

"அது குடும்ப விஷயம்யா. பொண்ணு அவ மாமன் வீட்டுல பத்திரமா இருக்கு. நம்ம என்ன ஆளு கடத்துறவனா?"

"நாம் நடத்தி வைத்த திருமணம்."

"எந்தத் திருமணம்?"

அவர் பல் குத்திக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதியலல்ல? பதியாத ஒண்ண நம்ம எங்க போயிச் சொல்றது? தேர்தல் வருது பேராசிரியரே. அவங்க ஆளுக ஓட்டு இந்தத் தொகுதியில எவ்வளவுன்னு உமக்குத் தெரியாதா? நிக்கப் போறவரு நீரு. நீரே சொல்லும்."

நிற்கப் போகிறவர் நீர் என்று அவரே சொன்னார். குறித்து வைக்கிறேன்.

சான்றிதழ்களைக் கேட்டேன். தேடிப் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

மார்ச் 9

அலுவலகத்தில் கூட்டம். சந்தன நிறச் சட்டை போட்ட ஒருவருக்குச் செயலாளர் சால்வை போர்த்தினார். உயரமான, அமைதியான மனிதர். விரல் இடுக்கில் பருப்புத் தூசி மஞ்சளாக ஒட்டியிருந்தது. என்னை அறிமுகப்படுத்தினார்கள்.

"நீங்கதானா சார் அந்த லெட்டர் எழுதுறது? இப்பத்தான் செயலாளர் சொன்னாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் தெய்வநாயகம். பதில்கூட எழுதியிருந்தேன். தலைவருன்னு நினைச்சு எழுதுனேன். நல்ல கை சார் உங்களுக்கு. நேர்ல போய்ப் பாத்தா அப்படியே இருந்துச்சு."

கையை விடவில்லை.

"எங்க தங்கச்சி மக. சின்னப்புள்ள புத்தி. நாங்க திட்டக்கூட இல்ல. சித்திரை பிறக்கவும் என் மகனுக்கு முடிச்சிரலாம்னு இருக்கோம். நீங்க குடும்பத்தோட வரணும்."

இத்தனை ஆண்டுகளில், நீதான் எழுதினாய் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் மனிதர். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நன்றி என்று சொல்லியிருக்கலாம்.

மார்ச் 10

பிப்ரவரி 20ஆம் தேதிப் பக்கத்தில் ஒட்டிய சீட்டைப் பிய்க்கப் பார்த்தேன். தாளோடு சேர்ந்து கிழிந்து வருகிறது. விட்டுவிட்டேன்.

மார்ச் 14

வேட்பாளர் பட்டியல் வந்துவிட்டது. விருதுநகர்: புரவலர் தெய்வநாயகம்.

தொலைக்காட்சியில் தலைவர் பேசினார். "சாதிக் கோட்டையை உள்ளிருந்து உடைக்கும் வேட்பாளர்களை நிறுத்தியிருக்கிறோம்." இந்த வாக்கியமும் என்னுடையதுதான், வேறு இடத்துக்காக எழுதியது.

எழில்வேந்தனை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். அவருடைய ஓட்டுநர் எடுத்து, "அண்ணன் வேன்ல இருக்காரு சார். அடுத்த வாட்டி கண்டிப்பா உங்களுக்குத்தான்னு சொல்லச் சொன்னாரு" என்றான்.

ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். கல்லூரியில்கூட எனக்கு ஒரு கடிதமாவது கொடுத்தார்கள்.

மார்ச் 15

இந்த இயக்கம் ஒரு பொய் என்று இன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

மார்ச் 17

மாரீஸ்வரன் வீட்டுக்கு வந்தான். இடது கையைக் கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். மில் வாசலில் போய் நின்றிருக்கிறான், அடித்துவிட்டார்கள். காவல் நிலையத்தில், கல்யாணம் ஆனதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அடிபட்டதற்கும் புகார் வாங்கவில்லை.

வலது கையில் ஒரு பை. வடிவிடம் நீட்டினான். "ரூமைக் காலி பண்ணிட்டேன்மா. உங்க தோசைக்கல்லு." வடிவு வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வர நேரமாயிற்று. வரும்போது முகத்தைக் கழுவியிருந்தாள்.

அவன் என் எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"மதுரையில ஒரு வக்கீலம்மா காசு வாங்காம பார்க்கிறேன்னு சொல்லிருக்காங்க சார். ஆட்கொணர்வு மனு. அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லி ஆர்டர் போடுவாங்களாம். அவ அங்க வந்து நின்னு, இவன்தான் என் புருஷன்னு சொல்லிட்டாப் போதும். அவ சொல்லுவா சார். சத்தியமாச் சொல்லுவா."

"நல்லது."

"கல்யாணம் நடந்துச்சுன்னு ஒரு ஆளு சொல்லணும் சார். ஆபீஸ்ல எல்லாரையும் கேட்டேன். அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைங்கிறாங்க. நீங்கதான உறுதிமொழி வாசிச்சீங்க. பிரமாணப் பத்திரம் வக்கீலம்மாவே எழுதிட்டாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா மட்டும் போதும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம் இருக்கு. சித்திரை பிறந்துட்டா..."

சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் தட்டச்சாகி இருந்தது. சங்கரலிங்கம் என்கிற அறிவுடைநம்பி. கீழே கோடு போட்டு வெற்றிடம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் என் காலைத் தொட வந்தான். தடுத்துவிட்டேன். காலில் விழுவது நம் கொள்கைக்கு எதிரானது.

மார்ச் 18

நீதிமன்றத்தில் ஒரு பெண்ணைக் காப்பாற்றுவது ஒரு பெண்ணைக் காப்பாற்றுவது மட்டுமே. நோயின் வேர் அங்கே இல்லை. வேரைத் தொட வேண்டும். நிதி கொடுத்த அத்தனை பேருக்கும், அவர்கள் பணம் எந்தப் பொய்யில் போய் விழுந்தது என்று தெரிய வேண்டும். புரவலர்களின் முகவரிப் பட்டியல் ஒரு படி என்னிடம் இருக்கிறது. அலுவலகக் கணினியிலிருந்து என்றைக்கோ எடுத்து வைத்தது.

கடிதம் எழுதப் போகிறேன். இந்த முறை எனக்காக.

மார்ச் 20

சிவகாசி வரன் வீட்டார் வந்து போனார்கள். இலக்கியாவைப் பிடித்திருக்கிறதாம். பையனின் தகப்பனார் தன்மையானவர். பேச்சோடு பேச்சாக, "பேரவையில இருக்கீங்கன்னு சொன்னாங்க. கலப்புக் கல்யாணமெல்லாம் முன்ன நின்னு நடத்தி வைப்பீங்களோ?" என்றார்.

"கட்சி வேலை வேறு, குடும்பம் வேறு" என்றேன். அவர் நிம்மதியாகக் காப்பியைக் குடித்தார்.

வடிவு தட்டை எடுக்க வந்தவள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் வேறென்ன சொல்ல முடியும்? கோர்ட், கேஸ், செய்தித்தாளில் படம் என்று வந்தால் இந்தச் சம்பந்தம் நிற்குமா? இவளுக்காகவும்தான் யோசிக்கிறேன் என்பது அவளுக்குப் புரியவில்லை.

மார்ச் 22

மூன்றாவது வரைவும் எழுதிவிட்டேன். கடிதம் நன்றாக வந்திருக்கிறது. தெய்வநாயகத்தின் வேட்புமனு, பரப்புரை வேன், தலைவரின் பொய்க் கையெழுத்து, பதியப்படாத திருமணம் எல்லாம் இருக்கிறது. தகுதியானவர்களை ஒதுக்கிவிட்டுப் பணக்காரர்களுக்குத் தொகுதி கொடுத்தது ஒரு முழுப் பக்கம்.

சிவரஞ்சனி ஒளிந்திருந்த இடம் எப்படி வெளியே தெரிந்தது என்று ஒரு பத்தி தொடங்கினேன். வாசிப்போட்டத்துக்குத் தடையாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

பேருந்துகளை மட்டும் விட மனம் வரவில்லை. "கண் திறக்காத அந்தப் பேருந்துகளை இன்று யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?" என்று முடித்திருக்கிறேன். அந்தப் படம் இல்லாவிட்டால் கடிதம் நிற்காது.

மார்ச் 24

மாரீஸ்வரன் அழைத்தான். குளித்துக்கொண்டிருந்தேன். மறுபடி அழைத்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 25

வடிவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். என் எழுத்தை அவளுக்கு வாசித்துக் காட்டிப் பல வருஷம் ஆயிற்று. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள். பேருந்து வந்த இடத்தில் மட்டும் கை நின்றது.

"நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் எழுதுவீங்க எப்பவும்."

"மாநிலமே அதிரும், பார்."

"அதிரட்டும்." கீரைக்காம்புகளைத் தள்ளி வைத்தாள். "அந்தப் பய கேட்டது இது இல்லையே. அவன் கேட்டது ஒரே ஒரு கையெழுத்து. அந்தக் காகிதம் உங்க மேசையிலதான் கிடக்கு. மேல நீங்க கண்ணாடிய வைக்கிறீங்க, பேனாவ வைக்கிறீங்க."

"உனக்கு இலக்கியா வாழ்க்கையைப் பற்றிக் கவலை இல்லையா?"

"இருக்கு. அந்தப் புள்ளைக்கும் நம்ம வீட்டுலதான் சோறு போட்டேன்."

கீரையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். படிக்காதவர்களிடம் பெரிய விஷயங்களைப் பேசக்கூடாது. தவறு என்னுடையது.

மார்ச் 27, வெள்ளி

காலையிலிருந்து போனை அணைத்து வைத்திருக்கிறேன். தொந்தரவு இல்லாமல் வேலை முடிந்தது.

படிகள் எடுத்தாயிற்று. நம் ஊர்க் கடையில் எடுக்கவில்லை. மதுரை போய் எடுத்தேன். உறைகளும் அங்கேயே வாங்கியவை, பேரவை உறைகள் அல்ல. முகவரிகளைக் கையால் எழுதாமல் அச்சிட்டு ஒட்டியிருக்கிறேன். மதுரையில் நீதிமன்றத்தைத் தாண்டித்தான் பேருந்து போயிற்று. கூட்டம் அதிகம், உட்கார இடம் கிடைக்கவில்லை.

உறையில் இடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை வரிவரியாகப் படித்தேன், எழுதியவன் யார், எங்கே இருக்கிறான் என்று காட்டிக்கொடுக்கும் விவரம் எங்காவது கிடக்கிறதா என்று. இரண்டாம் பக்கத்தில் "எங்கள் கல்லூரி" என்று ஓர் இடத்தில் வந்திருந்தது. அந்தத் தாளை மட்டும் மறுபடி தட்டச்சு செய்து மாற்றினேன். நான்காம் பக்கத்தில் பருத்திக்கொட்டைச் சந்தை என்று இருந்தது. இந்த ஊர்க்காரன் என்று அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். சந்தை என்று மட்டும் வைத்தேன். ஒரு சின்ன விவரம் போதும், தேடுகிறவனுக்கு. இதில் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

உறைமேல் அஞ்சல் முத்திரையில் ஊர்ப் பெயர் விழும். அதனால் விருதுநகரில் சேர்க்கப் போவதில்லை. நாளைக் காலை முதல் பேருந்தில் திருநெல்வேலி போய், நிலையத்துக்கு எதிரே உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

மேசையைத் துடைத்தேன். அந்தப் பிரமாணப் பத்திரம் கோடு போட்ட வெற்றிடத்தோடு இருந்தது. மடித்து இந்த நாட்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அடுப்படியில் வடிவு தோசை வார்க்கிறாள். அந்தக் கல்லில் அல்ல. அதை அன்று வந்த பையோடேயே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். எடுக்கவும் இல்லை, கழுவவும் இல்லை.

இத்தனை ஆண்டுகள் என் கடிதங்களில் வேறொருவர் கையெழுத்துப் போட்டார். இந்தக் கடிதத்தில் யாருடைய கையெழுத்தும் இருக்காது. பெயரில்லாமல் போவதுதான் சரி. உண்மைக்குக் கையெழுத்து தேவையில்லை.